பள்ளத்தில் விழுந்த புள்ளி

சேலம் பிளங்கட் காலேஜில் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்துவது கிடையாது. அது அந்தக் காலேஜின் ஆதாரக் கொள்கை. கட்டாயம் இல்லை என்பதை மாணவர்கள் மறந்துவிடக் கூடாதே என்பதற்காக, கட்டாயமில்லாத காரியங்களைச் செய்யாதவர்களுக்கு அபராதம் மட்டும் போடுவார்கள்.

மேட்டூர் அணை கட்டி முடிந்து இரண்டொரு வருஷம் ஆகியிருக்கும். ஜூலை மாதத்தில் ஒருநாள் காலேஜ் நோட்டீஸ் பலகையில் ஒரு காகிதம் தொங்கியது.

“மனோதத்துவ ஆராய்ச்சிக்கு இன்டர்மீடியட் மாணவர்கள் தாமாகவே முன்வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். மார்ச் மாதத்துக்குள் எந்த நாளில், எந்த நேரத்தில் முன்வருவது என்பது முழுக்க முழுக்க அவரவர் இஷ்டம். முன்வராதவர்கள் பரீட்சைக்கு அனுப்பப்பட மாட்டார்கள்.”

வெள்ளியங்கிரி அதை மூன்று தரம் படித்தான். ஒவ்வொரு தரமும் முதல் வாக்கியத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது. கடைசி வாக்கியத்தில் அது போய்விட்டது.

அவன் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன். போன வருஷம் தர்க்க சாஸ்திரத்தில் தவறிப்போனவன். இந்தத் தரம் தேறாவிட்டால் படிப்பு போதும் என்று அவன் தகப்பனார் சொல்லியாகிவிட்டது. சொன்னதோடு நிற்காமல், மகனுடைய கல்வியில் அவருக்கு இருந்த நம்பிக்கையைக் காட்டும் விதமாக, மேச்சேரிச் சந்தையிலிருந்து ஒரு பட்டி ஆடுகளையும் ஓட்டிவந்து விட்டார். “ஆளு எப்ப வந்தாலும் வேல தயாரா இருக்கோணுமில்ல?” என்பது அவர் கட்சி. ஆகவே பரீட்சைக்குப் போகவேண்டும். பரீட்சைக்குப் போக முன்வரவேண்டும். முன்வருவதோ அவன் இஷ்டம். இங்கேதான் வெள்ளியங்கிரிக்குத் தொல்லை ஆரம்பித்தது. அவனுக்கு இஷ்டம் என்று ஒன்று இதுவரை தேவைப்பட்டதே இல்லை.

வீட்டில் அவன் தலைமயிர் வெட்டிக்கொள்வதானாலும் தாயார் பூவாத்தாள் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டுத்தான் அனுப்புவாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பொறுக்கவேண்டும். வெள்ளியங்கிரியின் தலை சில வருஷங்களில் ஆடிக்குப் பிறகு தையில்தான் வெட்டுப்பட்டது என்றால், அது அவன் குற்றமல்ல.

ஆராய்ச்சியை நடத்தியவர் பேராசிரியர் கைலாசம். பதினொரு மாதம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்தவர். போகும்போது தலைப்பாகையுடன் போனார். வரும்போது தொப்பியுடனும், கண்ணாடிக் கூண்டுக்குள் ஓடும் ஒரு பித்தளைக் கடிகாரத்துடனும் வந்தார். உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த மூலை அறையைக் காலி செய்து, கறுப்புத் திரை மாட்டி, கடிகாரத்தை நடுவில் வைத்து, வாசலில் ‘மனோதத்துவ ஆராய்ச்சி சாலை’ என்று பலகை அடித்தார். பெஞ்சுகள் வராந்தாவுக்குப் போயின. அவற்றில் சாய்ந்து சில மாணவர்கள் கீழே விழுந்தார்கள். அது ஆராய்ச்சியில் சேர்ந்ததல்ல.

தொடக்க நாளில் அவர் மாணவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

“கனவான்களே! நீங்கள் எதற்கு முன்வருகிறீர்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. எப்போது முன்வருகிறீர்கள் என்பதே முக்கியம். முதல் மாதத்தில் வருபவன் கடமைக் குணத்தவன். நடுவில் வருபவன் மத்திம குணத்தவன். கடைசியில் வருபவன் தளர்ந்த குணத்தவன். இது என் முடிவு. இந்த முடிவு சரிதானா என்று எட்டு மாதம் ஆராயப் போகிறேன். ஆராய்ச்சியின் முடிவில் இது சரி என்று தெரியவரும்.”

பலமான கைதட்டல். ஒவ்வொருவனுக்கும் குணத்தின்படி சட்டையில் குத்திக்கொள்ள ஒரு ரிப்பன் தருவதென்றும் ஏற்பாடாயிற்று. கடமைக்குப் பச்சை, மத்திமத்துக்கு மஞ்சள், தளர்ச்சிக்குச் சிவப்பு.

முதல் நாளே போய்ப் பச்சை ரிப்பனுடன் வந்தவன் வெள்ளியங்கிரியின் அறைத்தோழன் வீரபாகு. ராசிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பம். பிளங்கட் காலேஜ் ஹாஸ்டலில் அவனைவிடச் சோம்பேறி கிடையாது. குளிக்கப் போகும் வழியில் வரிசை நிற்பதைப் பார்த்து, ஏதோ பலகாரம் கொடுக்கிறார்கள் என்று நின்றுவிட்டான். உள்ளே போனபிறகு திரும்பிவர அலுப்பாக இருந்தது. இரவு பகலாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களோ, பாடம் கெட்டுவிடுமே என்று பயந்து பிப்ரவரியில் போய், சிவப்பு ரிப்பன் வாங்கினார்கள். ஒற்றைச் சட்டைக்காரன் ஒருவன் வண்ணானிடமிருந்து சட்டை வந்த பிறகு போனான், அவன் மத்திமம்.

ரிப்பன் மெல்ல மெல்லக் காலேஜை ஆள ஆரம்பித்தது. ஹாஸ்டலில் பச்சைக்காரர்களுக்கு முதல் பந்தி. சிவப்புக்காரர்களுக்கு ரசம் வரும்போது அதில் மிளகு மட்டும் இருக்கும். பெண் கொடுக்க வந்த ஒருவர், பையனின் ஜாதகத்தோடு ரிப்பனையும் பார்க்கவேண்டும் என்றார் என்று கேள்வி.

“ஏப்பா, நீ எப்பத்தான் போவே?” என்று வீரபாகு பாயில் படுத்தபடியே கேட்டான். “பாதிப்பேரு போயிட்டு வந்தாச்சு. உன் சட்டை இன்னும் மொட்டையாவே இருக்குது.”

“அம்மாவுக்குச் சொல்லி உட்டிருக்கறேன். இன்னும் உத்தரவு வரலை.”

“பரீட்சை எழுதறது நீயா, மாரியாத்தாளா?”

“எழுதறது நாந்தான். ஆனா பாஸ் பண்றது நானில்லையே” என்றான் வெள்ளியங்கிரி. அவனுடைய தர்க்க சாஸ்திரம் அவ்வளவுதான்.

உத்தரவு ஜனவரியில் வந்தது. திருச்செங்கோட்டு பஸ்ஸின் கண்டக்டர் ரங்கன், வண்டியை நிறுத்தாமலே காலேஜ் வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டு போனான்:

“சாமீ! அம்மா சொல்லச் சொன்னாங்க! வெள்ளிக்கிழமை, உச்சிக்கு முந்தி, பதினோரு மணிக்கு! வெள்ளப் பூ வந்துருச்சாமா!”

வீரபாகு இதைக் கேட்டதும் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். அந்த வருஷத்தில் அவன் அப்படி எழுந்தது அதுதான் முதல் தடவை.

“வெள்ளிக்கிழமை பதினோரு மணியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பத்தரையிலிருந்து பன்னண்டு வரைக்கும் ராகு காலம்! பரீட்சை சமாச்சாரத்துக்கு ராகு காலத்துல எவனாவது போவானா?”

“சாமியே சொல்லிப்போட்டுதே.”

“சாமிக்கு ராகு காலம் கிடையாது. உனக்கு உண்டு.”

வெள்ளியங்கிரி யோசித்துப் பார்த்தான். யோசிப்பதும் ஒருவகையில் உத்தரவை மீறுவதுதான் என்று தோன்றியதால் நிறுத்திக்கொண்டான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆராய்ச்சி சாலைக்குப் போனான். வாசலில் ஈ காக்கை இல்லை. கடைநிலை ஊழியன் காத்தான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்து பார்த்து, “இந்நேரத்துக்கா?” என்று கேட்டு, மறுபடி மூடிக்கொண்டான்.

உள்ளே பேராசிரியர் அவனைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார். ஆராய்ச்சி சாலையில் தாய்மொழியில் பேசலாம் என்று சலுகை உண்டு.

“நான் ஒரு சொல் சொல்வேன். மனத்தில் முதலில் தோன்றும் சொல்லை நீர் உடனே சொல்லவேண்டும். யோசிக்கக் கூடாது. மலை.”

“ஏனுங்க, எந்த மலைங்க? எங்க திருச்செங்கோட்டு மலைங்களா, இல்லீன்னா இங்கத்த ஏற்காட்டு மலைங்களா?”

“எந்த மலையும் இல்லை. வெறும் மலை.”

“வெறும் மலை எங்கீங்க இருக்குது?”

பேராசிரியர் ‘மலையிடம் விரோதம்’ என்று எழுதிக்கொண்டார்.

“தகப்பனார்.”

“ஐயோ, வந்துட்டாருங்களா?” என்று வெள்ளியங்கிரி எழுந்து நின்றான்.

அதையும் எழுதிக்கொண்டார். பித்தளைக் கடிகாரம் ஓடிற்று. ‘ஆடு’ என்று அவர் சொன்னதும் அவன் கண்ணில் நீர் தளும்பியது. சோதனை முடிந்ததும் வெள்ளியங்கிரி தயங்கித் தயங்கிச் சொன்னான்:

“ஏனுங்க, நான் இந்நேரத்துக்கு வந்தது எதுக்குன்னாங்க—”

பேராசிரியர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“நிறுத்தும்! காரணம் சொல்லாதீர்! மனிதனுக்குத் தன் செய்கையின் காரணம் தெரியவே தெரியாது. தெரியும் என்றால் எங்களுக்கு என்ன வேலை? நீர் காரணத்தைச் சொல்லி, அது சரியாகவும் இருந்து தொலைத்தால், ஆராய்ச்சி இந்த நிமிஷமே முடிந்துபோகும். முடிந்துபோனால் மானியம் நின்றுபோகும். ஓர் ஏழைத் தேசத்தின் விஞ்ஞானத்துக்கு நீர் அந்தத் துரோகத்தைச் செய்யக் கூடாது. இங்கே வந்த எவனையும் நான் காரணம் சொல்ல விட்டதில்லை.”

“சொல்லலீங்க” என்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான் வெள்ளியங்கிரி. அவன் சட்டையில் மஞ்சள் ரிப்பன். விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தான். பிப்ரவரியில் பேராசிரியர் கண்டுபிடித்துவிட்டார்.

மாணவர்கள் வந்த நேரங்களை எல்லாம் ஒரு பெரிய காகிதத்தில் புள்ளிகளாக வைத்து, வளைகோடு போட்டுப் பார்த்தார். கடமைக் குணம், தளர்ந்த குணம் எதுவும் அதில் தென்படவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளிலும் ஒரு பெரிய பள்ளம் தென்பட்டது. ஒன்றரை மணி நேரம் ஒருவனும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் காலேஜ் திறப்பதற்கு முந்தியே பள்ளம். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பள்ளம். புதன்கிழமை நடுப்பகலில். சனிக்கிழமை காலையில். பள்ளம் நகர்ந்தது. வாரந்தோறும் அதே நாளில் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

பேராசிரியருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது மனித மனத்தின் இச்சா சக்தி வற்றிப்போகும் வேளை! கடல் வற்றுவதுபோல் மனமும் வற்றுகிறது! ஐரோப்பாவில் யாரும் காணாதது சேலத்தில் அகப்பட்டுவிட்டது. அவருடைய சொந்த அனுபவமும் அதற்குச் சாட்சி சொன்னது. சனிக்கிழமைகளில் பத்தரை மணிக்கு முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்ப அவருக்கு மனம் வருவதில்லை. அதுவரை அவர் மனைவி ஜானகியம்மாள் தொப்பியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பாள். இச்சை வற்றியிருந்ததால் அவரும் அதை வற்புறுத்திக் கேட்டதில்லை.

ராகு காலம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அதைக் கப்பலேறும்போது பம்பாய்த் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார். விட்டதைத் திரும்ப எடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

கண்டுபிடிப்புக்கு ‘கைலாசப் பள்ளம்’ என்று பெயர் வைத்து அவர் சபையில் வெளியிட்டபோது, கூரை இடிந்துவிழும்படி கைதட்டினார்கள். யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மாணவர்களுக்குப் பரமதிருப்தி. “பாத்தியா, சீமைக் கடியாரம்கூட ராகு காலத்தை ஒத்துக்கிச்சு!” என்று வீரபாகு மார்தட்டினான். பேராசிரியர் ராகு காலத்துக்கு இங்கிலீஷில் பெயர் வைத்திருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் வேறு பெயர் இருப்பது அவர்களுக்குப் பழக்கந்தானே.

ஆனால் ஒரே ஒரு புள்ளி. வெள்ளிக்கிழமைப் பள்ளத்தின் அடிமட்டத்தில், கிணற்றில் விழுந்த தவளைபோல் ஒற்றைப் புள்ளி ஒன்று உட்கார்ந்திருந்தது.

பேராசிரியர் அந்தப் புள்ளியோடு பிரின்சிபாலிடம் போனார். ராவ்பகதூர் பாலசுந்தரம் காரியக்காரர். பல்கலைக்கழகத்துக்காரர்கள் மார்ச் மாதம் வருகிறார்கள். ஆராய்ச்சி சாலையைப் பார்த்து, மனோதத்துவத்துக்குத் தனித்துறையே அனுமதிக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் புள்ளியாவது ஒன்றாவது?

“ரப்பர் இல்லையா உம்மிடம்?” என்று கேட்டார்.

“விஞ்ஞானத்தில் அழிப்பது மகாபாவம் சார்.”

“பின்னே என்ன செய்வீர்?”

“விளக்கிவிடுவேன்.”

விளக்கினார். வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துக்கொண்டே விளக்கினார். இச்சை வற்றிய வேளையில் ஒருவன் வந்தானென்றால், அவன் இச்சையால் வரவில்லை. இச்சையால் வராதவன் தானாக முன்வந்தவன் ஆகமாட்டான். முன்வராதவனைப் பரீட்சைக்கு அனுப்ப நோட்டீஸில் இடமில்லை. பிரின்சிபால் இதைக் கேட்டு, இவ்வளவு சுத்தமான தர்க்கத்தைத் தம் உத்தியோக காலத்தில் கேட்டதில்லை என்று பாராட்டினார். தர்க்கத்தில் தவறியவனான வெள்ளியங்கிரிக்குத்தான் அது விளங்கவில்லை.

“ஏனுங்க, நான் வந்தனுங்களே! நீங்களே பாத்தீங்களே!”

“வந்தீர். முன்வரவில்லை.”

“அப்ப நாளைக்கே மறுக்கா வாரனுங்க. எத்தன மணிக்குன்னு சொன்னீங்கன்னா டாண்ணு வந்து நிக்கறேன்.”

“நான் சொல்லி நீர் வந்தால் அது தாமாக வருவது ஆகாது.”

“சொல்லாட்டி நான் எப்படீங்க வாரது?”

“பார்த்தீர்களா?” என்று பேராசிரியர் பிரின்சிபாலிடம் திரும்பினார். “அடியோடு இச்சை கிடையாது. அபூர்வமான பிறவி. ஆராய்ச்சி சாலையிலேயே வைத்துக்கொள்ளலாம்.”

வெள்ளியங்கிரியின் மஞ்சள் ரிப்பன் கழற்றப்பட்டது. ஹாஸ்டல் பந்தியில் அவனை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் சமையற்காரர் இலையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

“அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்” என்றான் வீரபாகு. “ராகு காலத்துல போன பலன் எவ்வளவு சுருக்க வந்திருச்சு பாரு. எனக்கு வந்தது சோம்பேறித்தனம். பச்ச ரிப்பன் கொடுத்தாங்க. உனக்கு வந்தது சாமி உத்தரவு, மனசே கெடயாதுன்னுட்டாங்க.”

“இனி என்னப்பா பண்றது?”

“என்னைக் கேக்காதே. உனக்கு யோசன சொல்லறதுக்கு நான் சாமியில்லை.”

வெள்ளியங்கிரி ஊருக்குச் சொல்லி அனுப்பினான். ஒரு வாரம் பஸ் வரும்போதெல்லாம் வாசலில் போய் நின்றான். கடைசியில் ரங்கன் வண்டியை நிறுத்தி, இறங்கியே வந்தான். நல்ல சேதி என்றால் அவன் இறங்குவதில்லை.

“அம்மா மூணுவாட்டி பூக் கேட்டாங்களாமா. பொட்டலத்தைப் பிரிச்சா ஒருக்கா வெள்ள, ஒருக்காச் செவப்பு, ஒருக்காப் பூவே இல்லீங்களாம், வெறும் எலை. பூசாரி சொல்லிப்போட்டாராமா: இது பையன் பாத்துக்கற காரியம், இதுல ஆத்தா தலையிடமாட்டான்னு.”

“அப்படின்னா நான் என்ன பண்ணட்டுமாம்?”

“அதான் சாமி, ஒண்ணுமே சொல்லலை. உம்பட இஷ்டமாம்.” ரங்கன் துக்கம் விசாரிப்பவன்போல் அவன் தோளைத் தொட்டுவிட்டு, வண்டியேறிப் போய்விட்டான்.

பல்கலைக்கழகத்தின் சார்பில் டாக்டர் ஆப்பிள்யார்டு துரை வருவதாக ஏற்பாடாயிற்று. அவர் குறித்த நாள் வெள்ளிக்கிழமை. நேரம் பதினொரு மணி. பிரின்சிபால் பாலசுந்தரம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மாற்றச் சொல்லி எழுதலாம். காரணம் கேட்டால் எதை எழுதுவது? பேராசிரியரோ துள்ளிக் குதித்தார். “பள்ளத்தின் நடு மையத்திலேயே வருகிறார் சார்! கண்ணாலேயே காட்டிவிடலாம்!”

பிரின்சிபால் தம் மட்டில் வேண்டிய ஜாக்கிரதைகளைச் செய்துகொண்டார். அன்று காலை பத்து இருபத்தைந்துக்கே ரயில்வே ஸ்டேஷனில் துரைக்கு மாலையைப் போட்டு, “கனவான்களே!” என்று வரவேற்புரையின் முதல் சொல்லையும் பிளாட்பாரத்திலேயே சொல்லி நிறுத்திக்கொண்டார். இனி மீதி எப்போது பேசினாலும் அது தொடர்ச்சிதான், தொடக்கமல்ல. துரைக்கு இது விசித்திரமாக இருந்தது. ஆனால் அவர் இந்தியாவில் இருபது வருஷம் இருந்தவர். ஆச்சரியப்படுவதை விட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

துரை தமிழில் பரீட்சை தேறியவர். புத்தகத் தமிழைத் தவிர வேறு தமிழ் அவர் வாயில் வராது.

சபையில் மாணவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் துரை, பிரின்சிபால், பேராசிரியர், சுவரில் வளைகோடு. மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில், சட்டையில் ‘விதிவிலக்கு’ என்று எழுதிய அட்டையுடன் வெள்ளியங்கிரி.

பேராசிரியர் முழங்கினார். “மாணவர்களே! இந்த மேடைக்குத் தானாக முன்வரும் எவனுக்கும் இந்த வருஷ அபராதம் முழுவதும் தள்ளுபடி! வாருங்கள்!”

ஒருவனும் அசையவில்லை.

“வருகைக் குறைவும் மன்னிக்கப்படும்!”

பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ கால் மாற்றிப் போட்டான்; அவ்வளவுதான்.

“சீமைப் பவுண்டன் பேனா ஒன்று! தங்க முள்!”

பேனா என்றதும் வீரபாகுவின் உடம்பு தானாகக் கொஞ்சம் எழும்பியது. அவன் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துத் தன்னைத் தானே உட்காரவைத்துக்கொண்டான். கூட்டத்தில் பலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நெட்டுயிர்த்தார்கள்.

“வியத்தகு காட்சி!” என்றார் துரை. “வேண்டுகின்றனர், எனினும் எழுகிலர். இவர்தம் இச்சை எங்குச் சென்றது?”

“வற்றிவிட்டது சார்” என்றார் பேராசிரியர், கண்கலங்க.

துரை வெள்ளியங்கிரியின் பக்கம் திரும்பினார். “இவன் யாவன்?”

“இவனுக்கு இச்சையே கிடையாது சார். பள்ளத்தில் வந்தவன். பரீட்சைக்கு அனுப்பாமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம்.”

துரை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் முகத்துக்கு நேரே குனிந்தார். “மாணவ! நீ எக்காரணம் பற்றி அவ்வேளையில் வந்தனை? அஞ்சாது உரை.”

பேராசிரியரின் கைகள் தாமாகக் காதுக்குப் போயின. பிரின்சிபால் இருமினார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் ஆராய்ச்சிக்கு வந்தவனிடம் காரணம் கேட்கிறார்.

வெள்ளியங்கிரியின் வாய்வரைக்கும் வந்துவிட்டது: ராகு காலம், பூ, அம்மா, எல்லாம். சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தான். வளைகோடு போகும், பள்ளம் போகும், ஆராய்ச்சி சாலை போகும். ஆராய்ச்சி சாலையே இல்லாவிட்டால் அவன் முன்வந்தான் என்று யார் எழுதித் தருவது? சொல்லாவிட்டால்? ஒருவர் சொல் என்கிறார். ஒருவர் சொல்லாதே என்றிருக்கிறார். மாரியாத்தாள் கையை விரித்துவிட்டாள்.

“காரணம் சொல்லக் கூடாதுன்னு புரொபஸர் சொல்லியிருக்காருங்க” என்றான். “நானாச் சொல்ல மாட்டனுங்க.”

துரை நிமிர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அரியன்! மிக அரியன்! ஐரோப்பாவில் மனநூலார் முன் செல்வோர் கேளாமுன்னரே காரணம் கூறிவிடுகின்றனர். எங்கள் நூல்கள் பலவும் அதனாற் கெட்டன. தன் மனத்தைத் தன்னுளே வைத்துப் பூட்டிய ஒருவனை இன்றே கண்டேன். இவனுக்கு மனம் உண்டு. திறந்திலன், அவ்வளவே. இவனைத் தேர்வுக்கு விடுக!”

பேராசிரியர் ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டார். “அதைத்தான் நானும் சொல்லவந்தேன் சார். பூட்டிய மனம். கைலாசப் பூட்டு.”

முன்வந்த சர்டிபிகேட் ஒன்று கொண்டுவந்து மேஜைமேல் வைக்கப்பட்டது. அதில் பிரின்சிபால் கையெழுத்திட வேண்டும். அவர் கோட்டின் வலது பையைத் தடவினார், இடது பையைத் தடவினார், உள்பையையும் தடவினார். பேனா அவர் காதிலேயே செருகியிருந்தது. துரை பொறுத்துப் பார்த்துவிட்டு, தம் பேனாவை எடுத்து, தாமே கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் குறித்து, வெள்ளியங்கிரியின் கையில் கொடுத்தார்.

அடுத்தபடி தனித்துறைக்கான அனுமதிப் பத்திரம். துரை தம் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேராசிரியரிடம் நீட்டினார். பேராசிரியர் பேனாவைத் தொட்டார். தொட்ட கை நின்றது. காலையில் ஜானகியம்மாள் தொப்பியைக் கொடுக்கும்போது, “பன்னிரண்டு அடிக்கிறவரைக்கும் எதிலேயும் கை வைக்காதேயுங்கள்” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இருந்தாலும் கை ஓடவில்லை.

“என்ன நேர்ந்தது?” என்றார் துரை.

“எனக்கும் வற்றிவிட்டது சார்!” என்று கூவினார் பேராசிரியர். அவர் குரலில் ஒரு மகானின் ஆனந்தம் இருந்தது. “என் கை! பாருங்கள்! நான் விரும்புகிறேன், வரமாட்டேன் என்கிறது!”

துரை பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மேடையிலும் கீழேயும் அத்தனை பேரும் தங்கள் மனம் திரும்பி வருவதற்காக மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

காத்தான் பன்னிரண்டு மணி அடித்தான்.

வந்துவிட்டது! பேராசிரியர் கையெழுத்தைச் சரேலென்று போட்டார். பிரின்சிபால் காதிலிருந்து பேனாவை உருவினார். வரவேற்புரையின் இரண்டாவது சொல்லைத் தொடங்கினார். கீழே பெஞ்சுகள் கவிழ்ந்தன. “பேனா எனக்கு! நான்தான் முதல்லே!” என்று இருநூறு பேர் மேடையின்மேல் பாய்ந்தார்கள், வீரபாகு யாருடைய தோளிலோ ஏறி வந்துகொண்டிருந்தான். “வியத்தகு! வியத்தகு!” என்று கத்தியபடி துரை மேஜைமேல் ஏறி நின்றார்.

அந்தச் சந்தடியில் பிரின்சிபாலின் கண் வெள்ளியங்கிரியின் கையிலிருந்த காகிதத்தில் விழுந்தது. அவர் நல்ல மனுஷர். பையனுக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாதே என்று பதறிவிட்டார்.

“டேய், துரை அதிலே கையெழுத்துப் போட்டது எப்போ?”

“இப்பத்தானுங்க. மணி அடிக்கறதுக்கு முந்தி.”

“ஐயையோ, விளங்குமா அது? இப்படிக் கொடு. கிழித்துவிட்டு, நல்ல வேளை பார்த்து வேறே எழுதித் தருகிறேன். அடுத்த புதன்கிழமை வந்து கேள்.”

பரீட்சை திங்கட்கிழமை. வெள்ளியங்கிரி காகிதத்தைப் பார்த்தான். நீட்டிய கையைப் பார்த்தான். பழக்கத்தினால் ஒருதரம் சுற்றுமுற்றும் பார்த்தான். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று. சொல்லுகிற நிலையில் யாரும் இல்லை. பிறகு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ‘விதிவிலக்கு’ அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, மேடைப் படியில் இறங்கினான்.

“டேய்! உன்னைத்தானே! நில்லு!”

அவன் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கவிழ்ந்த பெஞ்சுகளைத் தாண்டி வாசலுக்குப் போனான்.

பேராசிரியர் கைலாசத்துக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, நீலப் பென்சிலை எச்சில் தொட்டு, மனிதர்கள் தாமாக முன்வந்ததற்கு அடையாளமாகப் பன்னிரண்டு மணிக் கட்டத்தில் இருநூறு புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தார்.